ஏழாம் எண் துளை

ஆற்றங்கரைத் தெரு காலை வேளையில் பார்க்க நன்றாக இருக்கும். எட்டு மணிக்கெல்லாம் கடைக்காரர்கள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்திருப்பார்கள், மரத்து நிழல் பாதி ரோட்டுக்கு விழுந்திருக்கும். என் வேலை அந்தத் தெருவில்தான். மூன்று வருடம் ஒரு நாள்கூட அலுத்ததில்லை.

என்ன வேலை என்று கேட்டீர்கள். அளப்பது. தெரு நெடுகப் பதினான்கு துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குழாய் இறக்கியிருந்தோம். மூடியைத் திறந்து அளவு நாடாவை உள்ளே விடுவேன். நுனி தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று சத்தம் வரும். தரைக்கு எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த துளைக்குப் போவேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் நான் எழுதுவதை நம்பித்தான் கீழே ஆள் இறங்கும்.

கீழே இரண்டு ரயில் சுரங்கங்களும் முடிந்து சுவர் பூட்டியாகிவிட்டது. இரண்டையும் இணைக்கும் குறுக்குப் பாதை மட்டும் பாக்கி. ஏதாவது ஆபத்து என்றால் பயணிகள் ஒரு சுரங்கத்திலிருந்து மற்றதற்குத் தப்பிப் போகும் வழி அது. பன்னிரண்டு மீட்டர் நீளம்தான். அந்த இடுக்கில் இயந்திரம் நுழையாது, ஆட்கள் கையால் வெட்ட வேண்டும். சுற்றிலும் ஆற்று மணல். சிமென்ட் கரைசலை ஊசி போடுவதுபோல் செலுத்தி இறுக்கியிருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு இறுகாத இடம் ஒன்று இருந்தால் போதும், தண்ணீர் அதைத் தேடிப் பிடித்துவிடும். அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். ஏதாவது ஒரு துளையில் தண்ணீர் ஐந்து மீட்டர் கோட்டுக்கு மேலே ஏறினால் வேலையை நிறுத்தி எல்லோரையும் மேலே ஏற்ற வேண்டும். நிறுத்தச் சொல்ல வேண்டியவன் நான்.

ஒரு தடவை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், நிலையத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த சமயம், மூன்று துளைகளில் ஒரே நாளில் தண்ணீர் ஏறியது. மணியை அடித்தேன். இருநூறு பேர் வேலையைப் போட்டுவிட்டு மேலே வந்தார்கள். பதினெட்டு நாள் ஒரு கல் நகரவில்லை. கடைசியில் பார்த்தால், பக்கத்துத் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து அந்தத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. யாரும் என்னைத் திட்டவில்லை. தலைமைப் பொறியாளர் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்லப்பா, ஐயோன்னு கத்துறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஐயோ சார் என்று பெயர். சாப்பிடும் இடத்தில் யாராவது டம்ளரைத் தட்டிவிட்டால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். கெட்ட எண்ணம் இல்லை, விளையாட்டுதான். அதை வீடு வரைக்கும் கொண்டுவந்தவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளையை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். வெட்டுகிற ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியதாக நடித்துக் காட்டுவார். நான் ஓடவே இல்லை. தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போதும் விடுங்க, அண்ணன் மூஞ்சியைப் பாருங்க" என்பாள். அவர்களுடைய மகளுக்கு நாலு வயது. அவள் என்னை ஐயோ மாமா என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். அப்படிக் கூப்பிட்டால் தூக்கி வைத்துக்கொள்வேன். எனக்குக் கோபம் கிடையாது. கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் தப்பாகிவிடும்.

ஏழாம் எண் துளை ஒரு தையல் கடை வாசலில் இருந்தது. கோட்டைத் தாண்டிய முதல் நாள் அங்கே தண்ணீர் நாலே முக்காலில் நின்றது. பக்கத்தில் ஆறாம் துளையும் எட்டாம் துளையும் கோட்டுக்குக் கீழே ஒழுங்காக இருந்தன. ஏழு மட்டும் ஏறுவானேன், குழாயில் அடைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். கோட்டுக்குக் கீழேயே இருப்பதுபோல் ஐந்தே கால் என்று எழுதினேன். இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் நாலரை. முதல் நாள் ஐந்தே கால் என்று எழுதிவிட்டு மறுநாள் நாலரை என்று எழுத முடியாது, இல்லையா. யாராவது கேட்பார்கள். அதனால் மறுபடியும் ஐந்தே கால். நாற்பது நாள் அப்படிப் போனது. உண்மையான அளவை என் சொந்த நோட்டில் பென்சிலால் எழுதிவந்தேன். ஒரு நாளும் விட்டதில்லை. ஏமாற்ற நினைப்பவன் அப்படி எழுதி வைப்பானா என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

நடுவில் தையல்காரர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, கடைக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது, வாசல்படியும் விரிசல் விட்டிருக்கிறது என்று காட்டினார். மரம் ஈரத்தில் உப்பும் என்றேன். அவர் ஆள் வைத்துக் கதவைச் சீவிக்கொண்டார். ஒரு வாரம் நன்றாகச் சாத்தியது.

நாற்பத்தோராம் நாள் காலையில் மாப்பிள்ளை என் அறைக்கு வந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"மச்சான், நேத்து வரைக்கும் தெளிவாத்தான் கசிஞ்சுது. இன்னைக்குப் பாருங்க, டீ மாதிரி வருது."

தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் சுவருக்குப் பின்னால் மண் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும். பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் படிந்தது.

"உங்க துளையெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். "நீங்க சரின்னு சொன்னா ஆளுங்களை எறக்குறேன்."

கேலி இல்லாமல் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நிமிடம் நான் இல்லை என்று சொன்னால் நாற்பது நாளையும் சொல்ல வேண்டும்.

"எல்லாம் சரியா இருக்கு மாப்ள. எறங்குங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பாட்டிலை ஜன்னல் வழியாகக் கவிழ்த்தேன்.

அன்றைக்கு ஏழாம் துளையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நாடாவை இறக்கும்போது மணி பத்து இருபது. ஐந்து மீட்டர் போயிற்று, சத்தம் இல்லை. ஏழு போயிற்று. ஒன்பதரையில்தான் கீச்சென்றது. விஷயம் தெரியாதவர்களுக்கு அது நல்ல சேதி, தண்ணீர் இறங்கிவிட்டதே என்பார்கள். மண்ணுக்குள் நாற்பது நாளாக நின்ற தண்ணீர் ஒரே நாளில் அவ்வளவு இறங்குகிறது என்றால் அது எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுவதற்கு அந்த இடத்தில் ஒரே ஒரு பொந்துதான் இருந்தது. அதற்குள் பதினொரு பேர் இருந்தார்கள்.

போன் என் சட்டைப் பையில் இருந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மூடியைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தேன், நாலு நிமிட நடை. ஓடினால் தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள். அபாய மணியின் பொத்தான் என் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில், கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பதிவேட்டைத் திறந்தேன். பென்சில் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நாற்பது நாளுக்கும் ஐந்தே கால் என்றிருந்ததை அழித்து உண்மையான அளவைப் போட்டேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். பதினேழு நிமிடம் ஆயிற்று. நடுவில் மாப்பிள்ளை இரண்டு முறை கூப்பிட்டார், பத்து இருபத்தொன்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும். எடுத்திருந்தால் எந்த வரியில் இருந்தேன் என்பது விட்டுப் போயிருக்கும்.

முடித்ததும் மணியை அடித்தேன். பத்து நாற்பத்தொன்று.

ஏன் முதலில் அடிக்கவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். விசாரணை வரும் என்று எனக்குத் தெரியும். பதிவேடு பொய்யாக இருக்கக் கூடாது. நாளைக்கு வேறு எங்கேயாவது ஆற்றோரம் சுரங்கம் தோண்டுகிறவர்கள் இந்த அளவுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள். அன்றாடம் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய தாள்களில் ஐந்தே கால் அப்படியே இருக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நீங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பார்த்தேன்.

மதியத்துக்குள் தெருவில் இருபது மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. தையல் கடை உள்ளே போய்விட்டது. தையல்காரர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றுமில்லை. மாலையில் மாப்பிள்ளையை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். வாய், மூக்கு எல்லாம் மணல். மூச்சுக்குக் குழாய் வைத்திருந்ததால் பேச முடியவில்லை. பேச்சு வருமா என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். அக்கறையாகக் கேட்கிறேன் என்று நினைத்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் தங்கை அவருடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, கடைசியா உங்களுக்குத்தான் அடிச்சிருக்காரு. ரெண்டு தடவை. என்ன சொன்னாரு?"

"லைன் கிடைக்கலம்மா. ஒண்ணும் கேக்கல."

"உங்களுக்கு அடிச்சா வந்துருவீங்கன்னு நெனச்சிருப்பாரு" என்றாள். குழந்தையை யார் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது என்று யோசித்து, நானே போய்க் கூட்டிவந்தேன்.

நீங்கள் தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. ஒரே ஒரு தப்பு. என் செயலால் இறந்தவர்கள் பதினொரு பேர் என்று போட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை சுரங்கத்தில் இறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில், நுரையீரலில் கிருமி தொற்றி இறந்தார். டாக்டர் எழுதிய சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அவரைப் போய் நான் ஏன் சாகவிடப் போகிறேன், என் தங்கை கணவர் அல்லவா. அதைப் பத்து என்று மாற்றிவிடுங்கள்.