கவனக்குறைவு அல்ல

சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்துபோகும் கார்களை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. அப்படி ஒன்றை முதன்முதலாக என் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் எங்கள் தெருப் பல் மருத்துவர். "நின்னா தூங்கிடுது, பிரேக்கை விட்டா முழிச்சுக்குது. அப்படியே என் உதவியாளர் மாதிரி" என்றார். பழுது இல்லை, பெட்ரோல் மிச்சப்படுத்த அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு பழகிவிட்டது.

உட்காரச் சொன்னீர்கள் தம்பி, சந்தோஷம். நான் நின்றுகொண்டே சொல்கிறேன். என் முதுகு இன்னும் நேராகத்தான் இருக்கிறது.

அந்த வகைக் கார்களில் வரும் தொல்லை பெரும்பாலும் பேட்டரியால்தான் வரும். பேட்டரியின் பலத்தை அளக்க, அதன் முனையிலேயே சின்னதாக ஒரு உணர்வுக் கருவி வைத்திருக்கிறார்கள். பலம் குறைந்தால், வண்டி எங்கே நின்றாலும் எஞ்சினை அணைக்காது. முன்னால் ஒரு மஞ்சள் விளக்கை மட்டும் எரியவிடும். வண்டி கெட்டுவிட்டது என்று பயந்துபோய் ஓடி வருவார்கள். கெடவில்லை. மறுபடி எழுந்திருக்க முடியாது என்று தெரிந்ததால் அது படுக்க மறுக்கிறது. தன்னை ஓட்டுகிறவரைக் காப்பாற்றுகிறது.

என் மருமகள் அந்த விளக்கோடுதான் சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக்கு வந்தாள். பட்டறை கீழே, வீடு மேலே. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் கண் மருத்துவமனையில் பார்வை அளந்து கண்ணாடி எழுதிக் கொடுப்பவள். கெட்டிக்காரி. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"மாமா, இந்த வண்டியும் உங்க பையன் மாதிரிதான். நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்கு ஏன் முறைக்குதுன்னே தெரியல."

நான் சிரித்தேன். பேட்டரியைச் சோதித்தேன். ஆயுள் முடிந்த பேட்டரி. வெளியே எடுத்து அப்புறப்படுத்த வேண்டியதுதான். அலமாரியிலிருந்து புதியதை எடுத்து வந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போது என் கையில் இருந்தது புதிய பேட்டரிதான்.

அவள் பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை காலையில போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன் மாமா. உங்ககிட்ட சொல்லாம போகக் கூடாதுன்னு தோணுச்சு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் மகனுக்குக் கோபம் வந்தால் கை நீளும். மாடியில் கேட்கிற சத்தம் கீழே எனக்குக் கேட்காமல் இருக்குமா?

"நம்ம வீட்டு விஷயம் நாலு சுவத்துக்குள்ள இருக்கணும்மா" என்றேன்.

"நாலு சுவத்துக்கும் தெரியும் மாமா. அதுல ஒண்ணுலதான் என் தலையை இடிச்சாரு."

"நான் அவன்கிட்ட பேசறேன்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க. அப்புறம் என்கிட்டதான் பேசினீங்க, பொறுத்துப் போம்மான்னு." அவள் குரல் உயரவே இல்லை. "உங்க மேல வருத்தம் இல்ல மாமா. இந்த வீட்டுல என்னை மனுஷியா மதிச்சது நீங்க ஒருத்தர்தான்."

அது உண்மை. இன்றைக்கும் அவளை நான் மதிப்போடுதான் நினைக்கிறேன்.

வாசலில் உள்ள பெயர்ப்பலகை என் அப்பா மாட்டியது. அதற்குக் கீழே அன்றுவரை காக்கிச் சட்டை போட்ட யாரும் வந்து நின்றதில்லை. எங்கள் வீட்டுப் பெயரை யாரும் குரல் தாழ்த்திச் சொன்னதில்லை. ஒரு கோளாறுக்காக என்னிடம் வந்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததும் இல்லை. இவை என் சொத்து. வேறு சொத்து நான் சேர்க்கவில்லை.

"மேல போய் அத்தையோட காபி குடிச்சிட்டு வாம்மா. அதுக்குள்ள முடிச்சிடறேன்" என்றேன்.

அவள் படியேறினாள். நான் புதிய பேட்டரியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். பழையதை நன்றாகத் துடைத்து, கொஞ்சம் சார்ஜ் ஏற்றி, இருந்த இடத்திலேயே முடுக்கினேன். இந்தக் கார்களில் பேட்டரியை மாற்றினால் மட்டும் போதாது. மாற்றியாயிற்று என்று வண்டியின் கணினிக்கும் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு கருவி உண்டு. புதிய பேட்டரியா என்று அது கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். என் ஆயுளில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் ஒரு இயந்திரத்திடம்.

மஞ்சள் விளக்கு அணைந்தது.

பழுது பார்த்த வண்டியை நானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன். அன்றும் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். நின்றதும் அழகாக அணைந்தது. பிரேக்கை விட்டதும் எடுத்தது, கொஞ்சம் முனகலோடு.

அவள் இறங்கி வந்து விளக்கைப் பார்த்தாள். "அட, போயிடுச்சே. புதுசு போட்டுட்டீங்களா மாமா?"

"நான் பார்த்த வண்டிம்மா" என்றேன். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னேன். "வழியில அணைஞ்சு எடுக்கலேன்னா பதறிப் போய் இறங்கிடாதே. பிரேக்கை விடாம அழுத்திக்கிட்டு, ஸ்டார்ட் பட்டனை அழுத்திக்கிட்டே இரு. எடுத்துடும்."

"சரி மாமா."

சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

திங்கட்கிழமை வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழி உங்களுக்கே தெரியும். வழியெல்லாம் சிக்னல். அதைத் தாண்டினால் ரயில்வே கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் கடைத்தெரு திருப்பத்தில் வண்டிகள் நகராது. காலை வேளையில் வரிசை தண்டவாளம் வரைக்கும் வந்து நிற்கும். ஏறி நின்றுவிட்டு நகர்வதற்குக் காத்திருப்பார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

வழியில் வண்டி நின்றுபோனால் அவள் மனம் மாறித் திரும்பிவிடுவாள், அதற்காகத்தான் செய்தேன் என்று சொல்லும்படி, இங்கே வரும் வழியில் நான் பார்த்த வக்கீல் சொல்லிக் கொடுத்தார். நான் அப்படி நினைக்கவில்லை. அவள் மனம் மாறுகிறவள் இல்லை. ஆனால் எங்கே அணைய வேண்டும் என்று நான் தீர்மானிக்கவில்லை. அதை வண்டி தீர்மானித்தது.

கேட் கீப்பர் என் வீட்டுக்கே வந்து அழுதுகொண்டு சொன்னார். "ரயில் வருது, இறங்கி ஓடும்மா, ஓடும்மான்னு கத்தினேன் பெரியவரே. ஜன்னல் வழியா கையைக் காட்டி, 'ஒரு நிமிஷம்ணா, எடுத்துடும்'னுச்சு. பின்னால சிவப்பு விளக்கு மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணு பிரேக்கிலேருந்து காலை எடுக்கவே இல்ல."

அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

ஊரே வந்தது. எங்கள் வீட்டைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மகாலட்சுமி மாதிரி இருந்த மருமகள் என்றார்கள். என் மகன் அழுதான். அவனை எல்லோரும் தாங்கிப் பிடித்தார்கள். வீடு வீடாகவே இருந்தது. நான் பேசாமல் இருந்திருப்பேன்.

நேற்று நீங்கள் வந்தீர்கள் தம்பி. கணினியில் புதிய பேட்டரி என்று இருக்கிறது, வண்டியில் பழையதுதான் இருக்கிறது என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று, என் தோளில் கை வைத்து, தெருவே கேட்கும்படி சொன்னீர்கள். "வயசாயிடுச்சுல்ல ஐயா, மறந்திருப்பீங்க. கவனக்குறைவுன்னு எழுதி முடிச்சிடறேன். மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் இன்று காலை அந்தப் பல் மருத்துவர் தன் காரை என் வாசல் வழியாகவே எதிர்ப் பட்டறைக்கு ஓட்டிப் போனார். போகிறபோது என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். பரிதாபப்பட்டு வைத்த வணக்கம்.

அதனால்தான் நானே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறக்கவில்லை. பேட்டரி செத்தது என்று தெரியும். விளக்கை அணைத்தது நான். அவளை இறங்காதே என்று சொன்னதும் நான். அவளைக் கொன்றது நான்தான். தண்டனை எதுவானாலும் சரி.

அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் தம்பி. எங்கள் பட்டறையில் கவனக்குறைவாக ஒரு வேலையும் நடந்ததில்லை.