அறுபத்தொன்பது பேருக்குப் போகாத செய்தி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை முதல் தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தரவுத்தளப் பொறுப்பில் இருக்கிறேன். பிரிவின் தலைவர் என் மனைவியின் தம்பி. எனக்கு ஆறு ஆண்டுகள் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மேலே போனவர். அது இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று காவல் ஆய்வாளர் சொன்னார். தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

சென்ற மாதம் மூன்றாம் தேதி காலை, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையில் ஒரு தொகுதிக்கு வீரியம் அதிகமாகிவிட்டது, உடனே திரும்பப் பெற வேண்டும் என்று தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. மருந்தகப் பொறுப்பாளரான அம்மையார் அந்தத் தொகுதியை வாங்கியவர்களைத் திரையில் தேடி எடுத்து, அறுநூற்று நாற்பது பேரையும் தேர்வு செய்து, மாத்திரையை நிறுத்திவிட்டு வரச்சொல்லும் செய்தியை அனுப்பும் பொத்தானை அழுத்தினார். பணி முடிந்தது என்று திரை காட்டியது. அதன் பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஒன்பதாம் தேதி ஒரு தையல்காரர் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அவருக்குச் செய்தி போகவில்லை. அவர் மனைவி கொண்டுவந்த மாத்திரை அட்டையின் பின்புறம் ஒவ்வொரு குழிக்கு எதிரேயும் தேதி எழுதியிருந்தது. ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் சாப்பிட்டிருக்கிறார்.

செய்தி கிடைக்காதவர்கள் மொத்தம் அறுபத்தொன்பது பேர் என்று அன்றே கண்டுபிடித்து, மீதி அறுபத்தெட்டுப் பேரின் பட்டியலை நான்தான் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். மாலைக்குள் எல்லோரையும் தொலைபேசியில் பிடித்துவிட்டார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு விசாரணையில் பிரிவுத் தலைவர், அம்மையார் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் தேர்வு செய்யாமல் விட்டிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் அம்மையாரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பன்னிரண்டாம் தேதி இந்தக் காவல் நிலையத்தில் கைது செய்தார்கள்.

கைதாகும் முன் அவர் என் மேசைக்கு வந்தார். “சார், நான் எல்லாரையும்தான் டிக் பண்ணினேன். அறுநூத்தி நாப்பதுன்னு திரையிலயே வந்துச்சு. இருபத்தி ரெண்டு வருஷமா மருந்து எண்ணிக் குடுக்கறவளுக்கு எண்ணத் தெரியாதா?” என்றார். நான் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

ஆய்வாளர் தமக்குப் புரியும்படி சொல்லச் சொன்னதால் விளக்குகிறேன். புரொசீஜர் என்பது தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் வேலை முறை. வெளியிலிருந்து விவரத்தைக் கொடுத்தால் அது வேலையை முடித்துத் தரும். பல பேருடைய விவரத்தை ஒரே தடவையில் கொடுக்க நல்ல வழி, ஒருவருக்கு ஒரு வரி என்று அட்டவணையாகவே கொடுப்பது. மட்டமான வழி, எல்லா எண்களையும் நடுவில் கமா போட்டு ஒரே நீளச் சரமாக்கிக் கொடுப்பது. சரத்துக்கு இத்தனை எழுத்து என்று முன்பே அளவு வைக்க வேண்டும். மிஞ்சியது வெட்டுப்படும். வெட்டுப்பட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் இந்தப் புரொசீஜரை நான்தான் எழுதினேன். அட்டவணையாகக் கொடுக்கலாம் என்று நான்கு பக்கக் குறிப்பு தயாரித்துக் கூட்டத்தில் வைத்தேன். பிரிவுத் தலைவர் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. “மாமா, ஓடுற வண்டியை எதுக்குப் பிரிச்சு மேயணும்? கமா போட்டு அனுப்புங்க. உங்க ஆராய்ச்சியை வீட்ல அக்காகிட்ட பண்ணுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கமா போட்டேன். அளவு நாலாயிரம் எழுத்து. நோயாளி எண் ஆறு இலக்கம், கமாவோடு ஏழு. ஐந்நூற்று எழுபத்தோரு பேர் முழுதாக அடங்குவார்கள், அடுத்தவரின் எண்ணில் முதல் மூன்று இலக்கம் நிற்கும், மற்றவை போய்விடும். ஒரு வார்டுக்கு நாற்பது பேருக்கு மேல் அப்போது யாரும் அனுப்பியதில்லை. இந்த மாத்திரைக்குத்தான் முதல் முறையாக அளவு தாண்டியது.

ஐந்நூற்று எழுபத்திரண்டாவது ஆள் தையல்காரர். அவர் எண் 204617. வெட்டியபின் நின்றது 204. அந்த எண்ணுக்குரியவர், எண்கள் இன்னும் மூன்று இலக்கத்தைத் தாண்டாதபோது, மருத்துவமனை திறந்த வாரத்தில் கை முறிந்து வந்த ஒரு பேருந்து நடத்துநர். தையல்காரருக்குப் போகவேண்டிய செய்தி அவருக்குப் போயிருக்கிறது. நான்காம் தேதி அவர் மருந்தகத்துக்கு வந்து, “எனக்கு மாத்திரையே கிடையாதும்மா, எதை நிறுத்தறது?” என்று கேட்டதை அம்மையார் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். பட்டியலிலேயே இல்லாத ஒருவருக்குச் செய்தி போனது, கடைசிப் பக்கத்தை டிக் செய்யாமல் விட்டதால் நடக்கக்கூடியதல்ல. அந்த ஏட்டைக் கைப்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதின்மூன்றாம் தேதி பிரிவுத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். “மாமா, நீங்க வாயத் தெறக்காதீங்க. தெறந்தா நான் அன்னிக்கு வேணாம்னு சொன்னதுல வந்து நிக்கும்” என்றார். அவர் போன பிறகு என் மனைவி, “என் தம்பிய மாட்டிவிட்டாத்தான் உங்க வயித்தெரிச்சல் அடங்குமா?” என்று கேட்டாள். ஏழு ஆண்டுகளாக நான் காத்திருந்தது அதற்குத்தான். அவளுக்கு அது தெரியும்.

பிரிவுத் தலைவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. சரம் நாலாயிரத்தைத் தாண்டப் போனால் அனுப்பும் முன்பே வேலையை நிறுத்திப் பிழை என்று காட்டும் ஒரு சோதனையை முதலில் நான் எழுதியிருந்தேன். மூன்று வரி. கூட்டம் முடிந்து இருக்கைக்குத் திரும்பியதும் அதை அழித்தேன். ஒரு நாள் முட்டட்டும், அன்றைக்கு என் நான்கு பக்கத்தைத் தேடிக்கொண்டு வரட்டும் என்று நினைத்தேன். முட்டினால் ஏதாவது பட்டியல் பாழாகும் என்றுதான் நினைத்தேன். பட்டியலின் கடைசியில் ஆள் இருப்பார் என்று நினைக்கவில்லை. அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மாற்றங்களின் பதிவேட்டில் அன்றைய தேதியும் மணியும் என் பயனர் பெயரும் இருக்கின்றன. அவற்றை எடுத்துத் தர ஒப்புக்கொள்கிறேன்.

எழுதியதை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். ‘பிரிவுத் தலைவரின் தூண்டுதலால் அழித்தேன்’ என்று ஓரிடத்தில் வந்தது. ‘பிரிவுத் தலைவரின் தூண்டுதலால்’ என்ற சொற்களை மட்டும் அடிக்கச் சொன்னேன். நிச்சயமாகவா என்று கேட்டார். ஆம் என்றேன். அடித்த இடத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். மற்றபடி இதிலுள்ளது முழுவதும் நான் சொன்னது, உண்மை, யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. அடித்தல் ஒன்று.

ஆய்வாளர்