பெடலில் மீந்த காற்று

பிரேக்கில் ஏர் எடுப்பது ஒருவரால் ஆகிற வேலை இல்லை சார். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மேலே இருப்பவர் அமுக்கிப் பிடிக்கும்போது கீழே திறந்தால், குழாயில் மாட்டிய காற்று பிரேக் ஆயிலோடு கொப்பளித்து வெளியே வரும். அவர் காலை எடுப்பதற்குள் மூடிவிட வேண்டும். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டால்தான் வேலை நடக்கும்.

தொப்பூர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். மோதிய வண்டியில் முன்சக்கர நிப்பிள் ஏன் லூசாக இருந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கம் புரியும்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் தனபால் மெக்கானிக் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் அறைதான் என் வீடு. எனக்கென்று யாரும் கிடையாது. மௌரீன் டீச்சர் முதன்முதலில் வந்தது 2002 மழைக்காலத்தில். கணவர் டொமினிக் மஸ்கட்டில் வேலை பார்த்தார். அவர் வாங்கிக் கொடுத்த ஏழு சீட்டுப் பெரிய வண்டியில் டீச்சரும் மகள் கேரலும் மட்டும் ஸ்கூலுக்கும் சர்ச்சுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வண்டியில் பெடல் அடிவரை இறங்கியது. வேறொரு ஷெட்டில் முன்சக்கரத்தில் பிரேக் பேடு மாற்றியும் சரியாகவில்லையாம். நான் பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்து பார்த்தேன். உள்ளே சிலிண்டரில் ரப்பர் வாஷர் கிழிந்து ஆயில் கசிந்திருந்தது. மாற்றினேன். ஏர் எடுக்க வேண்டிய நேரத்தில் என்னோடு வேலை பார்த்தவர் இல்லை. டீச்சரே சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"அமுக்குங்க டீச்சர். இன்னும் அமுக்குங்க. இப்பப் பிடிங்க."

"பிடிச்சிருக்கேன் அண்ணா."

கேரலுக்கு அப்போது ஏழு வயது. கதவு வழியாகத் தலைகீழாகத் தொங்கி, அடியில் கிடந்த என்னைப் பார்த்து, "அங்கிள், மம்மி நல்லா அமுக்குறாங்களா?" என்று கேட்டது.

"உங்க மம்மிதான் கிளாஸ் ஃபர்ஸ்ட்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். என் ஷெட்டில் அதற்குமுன் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த முதல் முறை வேலையை முழுசாகச் செய்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வண்டி பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. டீச்சர் வரவேயில்லை. ஒருநாள் வீலர் ரோட்டில் என்னைத் தாண்டிப் போனார், கை காட்டினார், போய்விட்டார். வேலை சுத்தமாக இருந்தால் ஆள் திரும்ப வராது என்பது மெக்கானிக் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து பிரேக் ஆயில் மாற்ற வந்தபோது கொஞ்சம் காற்றை உள்ளேயே விட்டேன். முன்சக்கர நிப்பிளைக் கடைசித் திருப்பு இறுக்கவில்லை. அவ்வளவுதான். ஆயில் மெல்லக் கசியும், பெடல் மெத்தென்று ஆகும், டீச்சர் வருவார். நானும் தேடுவதுபோலத் தேடுவேன். "இந்த வண்டிக்கு ஏதோ தீராத நோய் டீச்சர்" என்பேன். பிறகு அவர் மேலே, நான் கீழே. அவர் கால் அமுக்குகிற அமுக்கு ஆயில் வழியாக என் கையில் இருக்கும் ஸ்பானர் வரைக்கும் வரும். தப்பான எண்ணம் எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸுக்குக் கேரல் கையில் கல்கல் இனிப்பும் அச்சு முறுக்கும் கொடுத்தனுப்புவார். அதை நான் பொங்கல் வரைக்கும் வைத்துச் சாப்பிடுவேன்.

ஆபத்து வந்துவிடக் கூடாது என்று முன்ஜாக்கிரதையாகவும் இருந்தேன். "பெடல் இறங்கினா பயப்படாதீங்க. வேகமா மூணு தடவை பம்ப் பண்ணுங்க, நிக்கும். வேற எவன்கிட்டயும் காட்டாதீங்க, கெடுத்துடுவானுங்க" என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். ஊருக்குள் மெதுவாகப் போகிற வண்டிக்கு அது போதும்.

"நீங்க இல்லேன்னா இந்த வண்டிய எப்பவோ வித்திருப்பேன் அண்ணா" என்று ஒருமுறை சொன்னார். அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

போன ஆகஸ்ட் கடைசியில், கேரலுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, டொமினிக் லீவில் வந்தார். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு மூன்று பேரும் அந்த வண்டியிலேயே வருவதாக மாதாவுக்கு வேண்டுதல். கிளம்புவதற்கு முந்தின நாள் பிரேக்கைப் பார்த்துவிடச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். டொமினிக் நல்ல மனிதர். என் தோளில் கை போட்டு, "நீங்கதான் இவங்களப் பத்திரமா பாத்துக்கிட்டீங்க. போயிட்டு வந்ததும் வண்டிய வித்துடறேன். ரெண்டு பேரையும் என்கூடவே மஸ்கட் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அன்றைக்கு அவர்தான் சீட்டில் உட்கார்ந்து அமுக்கினார். கனமான கால். கேரல் தலைகீழாகத் தொங்கவில்லை. அப்பா மடியில் ஏறி ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. டீச்சர் கதவோரம் நின்று ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். நான் அடியில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிப்பிளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக லூசாக விட்டேன்.

ஓசூரைத் தாண்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். பெடல் இறங்கும், பயந்து திரும்புவார்கள், திருவிழாவுக்கு பஸ்ஸில் போவார்கள், வண்டி என்னிடம் நிற்கும். நீங்களே சொல்லுங்கள், வேறு யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். மறுநாள் ஷெட்டைச் சீக்கிரமே திறந்து, கேரலுக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பெடல் நான் நினைத்த இடத்தில்தான் இறங்கியிருக்கிறது. டொமினிக் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். டீச்சர்தான், பம்ப் பண்ணினால் நிற்கும், தனபால் அண்ணா சொல்லியிருக்கிறார் என்று தைரியம் சொல்லியிருக்கிறார். கிருஷ்ணகிரி, தருமபுரி என்று பம்ப் பண்ணிப் பண்ணியே டொமினிக் ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு அமுக்குக்கும் அந்த நிப்பிள் வழியாகக் கொஞ்சம் ஆயில் வெளியே போகும். தொப்பூர் இறக்கத்துக்கு வரும்போது உள்ளே காற்றுதான் மிச்சம். முன்னால் போன லாரி நின்றது, வண்டி நிற்கவில்லை. டொமினிக் போய்விட்டார். கேரலும் போய்விட்டது.

சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய் டீச்சரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவர் திரும்பிடலாம்னுதான் சொன்னார் அண்ணா. நான்தான் பம்ப் பண்ணச் சொன்னேன். நானே ரெண்டு பேரையும் கொன்னுட்டேன்."

அந்த நிலைமையில் இருப்பவரிடம் நிப்பிளைப் பற்றிப் பேசுவது முறையில்லை என்று விட்டுவிட்டேன். கிளம்பும்போது, "அடிக்கடி வாங்க அண்ணா, எனக்கு இனி யார் இருக்கா" என்றார். லீவு நாள் தவறாமல் போய்வருகிறேன்.

ஆக, லூசாக விட்டது நான்தான். தெரிந்தேதான் விட்டேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொன்றவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான்.

ஒரே ஒரு வேண்டுகோள். கேஸ் முடிந்ததும் அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். அவசரம் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக நான் சரிசெய்து கொடுக்கிறேன். ஏர் எடுக்கத்தான் மேலே ஓர் ஆள் வேண்டும். டீச்சருக்கு வலது காலை எடுத்துவிட்டார்கள், பார்த்தேன். பெடல் அமுக்க இடது கால் போதும்.