லிஸ்டில் இல்லாத பிளக்

மாதம் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் மெயின்டனன்ஸுக்கு எங்கள் குடியிருப்பில் கிடைத்த வசதி டாலிகஞ்சில் வேறெங்கும் கிடைக்காது. லிஃப்ட், காவலாள், தண்ணீர் பம்ப், குப்பை அள்ள ஆள், பூஜைக்குக் கீழ் ஹால், கரண்ட் போனால் ஒரு நிமிடத்தில் ஜெனரேட்டர். பதினொரு வருடம் செக்ரட்டரியாக இருந்தேன். சம்பளம் கிடையாது. பேங்கிலிருந்து ரிடையரான மறுநாளே சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டேன்.

வாக்குமூலத்தை வங்காள மொழியில் எழுதச் சொன்னீர்கள். நாற்பது வருடமாக அதைப் பேசுகிறேன். ஆனாலும் மனசில் இருப்பது தமிழில்தான் வருகிறது. மொழிபெயர்க்க ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

மணிவேல் ஐந்தாவது மாடி. கார்டன் ரீச்சில் கப்பல் கட்டுகிற இடத்தில் ஃபோர்மேனாக இருந்தவன். முப்பத்தாறு வீட்டில் தமிழ் பேசுவது நாங்கள் இரண்டு குடும்பம்தான். என்னை அண்ணே என்பான். அந்த ஃபிளாட்டை அவனுக்குப் பேசி முடித்துக் கொடுத்ததே நான். அவன் மனைவி கிருஷ்ணம்மாளுக்கு நுரையீரல் வியாதி. மூன்று வருடமாக ஆக்சிஜன் மெஷின் தயவில்தான் மூச்சு.

ஜெனரேட்டரில் ஒரு வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒரு ஃபேன். அதுதான் விதி. அதில் மெஷின் ஓடாது. அதனால் அவர்கள் படுக்கையறைக்குத் தனி லைன் இழுத்து ஒரு பிளக் போட்டுக் கொடுத்தேன். கமிட்டியில் சொல்லவில்லை. சொன்னால் அத்தனை வீடும் ஏ.சி.க்குக் கேட்கும். மணிவேலிடமும் இது சலுகை என்று சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக் காட்டுவது என் வழக்கமில்லை. மெயின்டனன்ஸில் அதுவும் சேர்த்தி என்றே அவன் நினைத்திருந்தான். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் வாங்கி வைக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டான். "ஜெனரேட்டர் இருக்கறப்ப எதுக்குப்பா தண்டச் செலவு? நான் இருக்கேன்ல" என்றேன்.

மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் கட்டணத்தை ஐந்நூறு ரூபாய் கூட்ட வேண்டும் என்றேன். இந்தப் பணத்தில் என்னென்ன அடங்கும், லிஸ்ட் கொடுங்கள் என்று மூன்றாம் மாடி தீபாங்கர் பாபு கேட்டார். அவர் எப்போதும் கேட்கிறவர், கேட்கட்டும். அடுத்து மணிவேல் எழுந்தான். அன்று காலையில் என் வீட்டில் காபி குடித்தவன். செக்ரட்டரி மொஷாய் தனக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் சலுகை கொடுக்கிறார், லிஸ்டில் இல்லாத எதையும் பதினைந்து நாளில் வெட்ட வேண்டும் என்றான். எல்லாம் வங்காள மொழியில், அண்ணே என்கிற இடத்தில் மொஷாய். என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புது செக்ரட்டரியாக தீபாங்கர் பாபு பெயரைச் சொன்னதும் அவன்தான். எல்லோரும் கை தட்டினார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

லிஸ்டை எழுதிக் கொடுத்தது நான். தீர்மானத்தில் முதல் கையெழுத்து அவனுடையது. உன் வீட்டு பிளக் இதில் இல்லையே என்று அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடத் தெரியாத பச்சைப்பிள்ளையா அவன்?

அதன்பிறகு லிஃப்டில் பார்த்தால் ஃபோனைப் பார்ப்பான். தீபாங்கர் பாபுவுக்கு நியூ டவுனில் ஆபீஸ், ஜெனரேட்டர் ரூம் சாவி கொஞ்ச நாள் உங்களிடமே இருக்கட்டும் என்றார். பதினைந்தாவது நாள் போய் அந்த லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தீர்மானம் தீர்மானம்தானே.

தகவல் சொல்ல ஐந்தாவது மாடிக்கும் போனேன். மணிவேல் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். கிருஷ்ணம்மாள் மூக்கில் குழாயோடு வந்து கதவைத் திறந்தாள்.

"அவரு பேசுனது தப்புதாண்ணே. எதையும் மனசுல வெச்சுக்காதீங்க."

"மனசுல ஒண்ணுமில்லம்மா" என்றேன். டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கீழே வந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்குக் காலபைசாகி, இந்த ஊர்க் கோடைப் புயல், அடித்தது. மாமரம் விழுந்து தெரு அடைத்துக்கொண்டது. கரண்ட் போனது, ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கியது. ஜெனரேட்டர் பழுது, புது செக்ரட்டரியின் கவனக்குறைவு என்று உங்கள் ஆள் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைப் பொறுக்க முடியாமல்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். பதினொரு வருடம் நான் பார்த்துப் பார்த்து எண்ணெய் போட்ட மெஷின் அது. லிஃப்ட் ஓடியது, பம்ப் ஓடியது, எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்றியது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், எனக்குத் தெரியாதா?

நாலு முப்பத்தைந்துக்கு மணிவேல் ஃபோன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி செய்தான். பிறகு குரலைப் பதிவு செய்து அனுப்பினான். அதைக் காதில் வைத்துக் கேட்டேன்.

"அண்ணே, பிளக்குல கரண்டு வரலண்ணே. இவளுக்கு மூச்சு வாங்குது, விட்டுட்டு எறங்கி வர முடியல. எங்கண்ணே இருக்கீங்க?"

மெஷின் இல்லாமல் அவள் அரை மணி தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். அவளை டாக்டரிடம் கூட்டிப்போனதே என் காரில்தான். கட்டை சட்டைப்பையில் இருந்தது. மாட்ட அரை நிமிடம் போதும்.

கூட்டத்துக்குப் பிறகு அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அன்றுதான். மறைக்காமல் சொல்கிறேன், கேட்க இதமாக இருந்தது. இன்னொரு தடவை கேட்டேன். ஐந்து மணிக்கு மூன்றாவது ஃபோன் வந்தது, ஐந்து ஐந்துக்கு நான்காவது. புது செக்ரட்டரியைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டான். பழைய மணிவேலாக வந்துவிட்டான் என்று எனக்குக் கண் கலங்கியது. கட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் கண்டிப்பாக மாட்டியிருப்பேன். அவன்தான் கூப்பிடவில்லை.