ஆழத்தின் ருசி

கல்லை நக்குவது நல்ல பழக்கம் இல்லை. இதை நான் மச்சானிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், மேடம். வேண்டுமானால் வாசல் காவலாளியைக் கேட்டுப் பாருங்கள். அவர் கல் பக்கமே வராத மனிதர், கட்டாயம் உங்களுக்குப் பதில் சொல்வார்.

கல் ஈரமாக இருந்தால்தான் அதன் உண்மையான நிறம் தெரியும். அதற்காக நாங்கள் ஒரு தண்ணீர்க் குப்பி வைத்திருப்போம். காடுமேட்டில் அலையும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டால் நாக்கு. அவசரத்துக்கு மட்டும். என் மனைவியின் அண்ணன் அந்த அவசரத்தை ஒரு கலையாக வளர்த்துவிட்டார். அருங்காட்சியகத்துக்கு அவர் இயக்குநர், அதில் பாறைப் பிரிவுக்கு நான் காப்பாளர். மைக் முன்னால் நின்று, கண்ணை மூடி, கல்லை ஒரு நக்கு நக்கி, சபையைக் கொஞ்ச நேரம் காக்க வைத்து, "ஆழம்" என்பார். கைதட்டல் கூரையைப் பிளக்கும். ஆற்றங்கரைக் கூழாங்கல்லைக் கொடுத்தாலும் ஆழம்தான். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுவே. "ஆழம் வந்தாச்சா?" "ஆழம் தூங்குது, அப்புறம் வாங்க."

பூமிக்குள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் கீழே ஓர் இடம் இருக்கிறது. யாரும் போனதில்லை, போகவும் முடியாது. எப்போதோ ஒரு காலத்தில் அங்கிருந்து ஒரு எரிமலைக் குழம்பு கிளம்பியது. நின்று நிதானித்து வருகிற ஜாதி இல்லை அது. தலைதெறிக்க ஓடிவந்து, வழியில் அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு, மேலே வந்து வெடித்தது. வைரம் மேலே வந்ததும் அந்த வண்டியில்தான். வைரத்துக்கு நடக்கும் உபசாரம் உங்களுக்குத் தெரியும். அதே வண்டியில் கூட வந்த பாறைத் துண்டுகளைச் சுரங்கக்காரர்கள் கழிவு மேட்டில் கொட்டிவிடுகிறார்கள், கல்யாணப் பெண்ணோடு வந்த ஏழைச் சித்தப்பாவைப் பந்தியின் கடைசியில் உட்கார வைப்பது போல.

அந்த மேட்டில்தான் நான் அவளைப் பார்த்தேன். மன்னிக்கவும், அதை. இரண்டு கையும் நிறையும் அளவு. வந்த வேகத்தில் உருண்டு உருண்டு முனையெல்லாம் மழுங்கியிருந்தது. இளம்பச்சை உடம்பு, நடுநடுவே மாதுளை முத்துப் போலச் சிவப்பு. இந்த மாதிரிக் கற்கள் பெரும்பாலும் மேலே வந்த பின் ஈரம் பட்டு மக்கிப்போகும். இதுவோ நேற்றுப் பறித்ததுபோல் இருந்தது. ரயிலில் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் "எத்தனை மாசம்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே சாளரத்தை இறக்கிவிட்டேன், காற்று பட வேண்டாம் என்று.

மறுவாரம் செய்தித்தாளில் மச்சான் படம் வந்தது, கையில் கல்லோடு, 'ஆழத்திலிருந்து நான் மீட்ட அதிசயம்' என்று. எனக்கு வருத்தமே இல்லை. புகழ் அவருக்கு, கல் எனக்கு. நியாயமான பாகப்பிரிவினை. பிறகு ஒருநாள் கூப்பிட்டார்.

"மாப்ள, நூற்றாண்டு விழாவுக்கு வர்றவங்களுக்கு என்ன நினைவுப் பரிசு குடுக்கலாம்?"

"பேனா குடுக்கலாம் மச்சான்."

"பேனா எவன் வேணா குடுப்பான். நான் பூமியோட ஆழத்தையே குடுக்கப்போறேன். அந்தப் பச்சைக் கல்லை மேடையிலயே வச்சு ஸ்லைஸ் ஸ்லைஸா அறுத்து, ஆளுக்கொண்ணு. பின்பக்கம் என் பேரு."

"அறுத்தா வீணாப் போயிடும் மச்சான்."

"பிரெட்டைக்கூடத்தான் அறுக்கறோம். வீணாவா போகுது?"

கெஞ்சிப் பார்த்தேன். ராஜினாமா செய்வேன் என்றேன். "தாராளமா. விழா முடிஞ்சதும் செய்ங்க, ரம்பத்துக்குப் பக்கத்துல கல்லைப் பிடிக்க ஆள் வேணும்" என்றார். கல்லைத் திருடிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பத்தில் திருட்டு வழக்கம் இல்லை.

எனவே விழாவன்று காலையில் கையுறை மாட்டி, மெல்லிய தூரிகையால் கல்லின் மேல் ஒரு பூச்சு. என்ன பூச்சு என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம். நான் வேறு சொல்லி யாருக்கும் யோசனை கொடுக்க வேண்டாம். அதைத் தேர்ந்தெடுக்க நாள் கணக்கில் படித்தேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லுக்குத் துளியும் கெடுதல் வரக்கூடாது இல்லையா.

மச்சான் நக்கினார். "ஆழம்" என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று அவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "நான் மட்டும் ருசிச்சாப் போதுமா?" என்று கல்லைக் கல்லூரி முதல்வரிடம் நீட்டினார். முதல்வர் நக்கிவிட்டு, இரும்புச் சத்து நன்றாகத் தெரிகிறது என்றார். குடிதண்ணீர் பாட்டில் விற்கும் தொழிலதிபர், இந்த ருசியில் ஒரு பாட்டில் விட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்றார். கவிஞர் கண் கலங்கி, தாயின் மடி என்றார். இரண்டாம் வரிசை, தங்களுக்கு இல்லையா என்று எழுந்து நின்றது. வரிசை கட்டினார்கள். முதல் தடவை சரியாகப் பிடிபடவில்லை என்று ஏற்கெனவே நக்கியவர்களே மறுபடி வந்து நின்றார்கள். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு குமிழியிட்டு வந்தது, மேடம். உதட்டைக் கடித்து அடக்கினேன். பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

கடைசியாக என் மனைவி.

"ஏங்க, நீங்க நக்கலையா?"

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"வீட்டுக்குக் கொண்டுவந்து தலைமாட்டுல வச்சுக் கொஞ்சுனீங்களே. அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாக்கறேன்."

நான் அவளைத் தடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். நான் எச்சரித்தேன். "ரெண்டு கையாலயும் பிடி, கீழ போட்டுடாத" என்றேன்.

நன்றியுரை முடிவதற்குள் முன்வரிசை அமைதியாகிவிட்டது. பிறகு இரண்டாம் வரிசை. கல்லை அறுக்க மேடையோரம் ரம்பத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டு ஓடினார். அந்தச் சத்தம் நின்றதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. என் மனைவி தன் அண்ணன் தோளில் சாய்ந்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் எப்போதுமே பாசம் அதிகம். அவள் மடியிலிருந்து கல்லை எடுத்து, குப்பித் தண்ணீரை ஊற்றி நன்றாகக் கழுவினேன். பச்சையும் சிவப்பும் பளீரென்று கிளம்பின. இதற்கு நாக்கு எதற்கு என்றுதான் நான் முதலிலிருந்தே கேட்கிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். எல்லாரையும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அதைப் பஞ்சு வைத்த பெட்டியில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

என்ன சொல்கிறீர்கள்?

"மேல நீங்க சுத்தமாக் கழுவிட்டீங்க. விரிசலுக்குள்ள விஷம் ஊறியிருக்கான்னு பாக்கணும்ல? லேப்ல துண்டு துண்டா அறுத்துட்டாங்க."

இத்தனை படித்தவர்கள் இருக்கிறீர்கள். ரம்பத்தை வைக்கும்போது உங்களில் ஒருவருக்குக்கூடவா, மேடம், ஈவிரக்கம் என்று ஒன்று தோன்றவில்லை?