யாருக்கு வர வேண்டும் எச்சரிக்கை?

— மெசேஜ் வந்துருச்சுல்ல? அப்ப நாங்க செஞ்ச யானை எச்சரிக்கை சாப்ட்வேர் வேலை செய்யுது. எதுக்குச் செழியண்ணே ஆபீசுல வந்து கத்துறீங்க?

— கத்தாம கொஞ்சச் சொல்றியா, ரேணுகா? "தேவாரம் கரட்டுக்காட்டில் யானை. உடனே வெளியேறவும்." யாரு வெளியேற? நான் இங்க போடியில ஏலக்கா ஏலத்துல இருந்து ஓடி வர்றேன். எங்காத்தா அங்க சோளக்காட்டுல தனியாக் களை எடுக்குது!

— மூக்கம்மா பெரியம்மாவா? ஐயையோ! பக்கத்துக் காட்டுக்காரரக் கூப்பிடுங்கண்ணே.

— விஜயபாண்டியத்தான? கூப்பிட்டேன். ஏலத்துல எனக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டு, "எனக்கும் வந்திருக்கு மாப்ளே"ங்கிறான். ஊருக்குள்ள இருக்கிற ஆளு நம்பர் ஒண்ணு குடு, ரேணுகா.

— எங்ககிட்ட இருக்கிறது பூராம் வீட்டு ஆம்பளைக நம்பர்தாண்ணே. பாரஸ்ட் ஆபீசுக்குப் போன் அடிச்சீங்களா?

— அடிச்சுக்கிட்டே கிடக்கு, எவனும் எடுக்கல. ஜீப்புக்குச் சொல்லியிருக்கேன். வந்தாலும் போய்ச் சேர அரை மணி நேரமாகும். ஆமா, சோதிச்சுப் பாத்துத்தான விட்டேன்ன, என்னத்தச் சோதிச்ச?

— "யானை வந்தால் மெசேஜ் வர வேண்டும்"னு எழுதினேன். காட்டோரம் மாட்டுன கேமராவுக்கு முன்னால யானைப் படத்தக் காட்டுனோம். வந்துச்சு. பாஸ் போட்டேன்.

— யாருக்கு வரணும்னு எழுதுனியா?

— இல்லண்ணே.

— மெசேஜ் வாங்குற ஆளு எங்க நிக்கணும்னு?

— இல்ல. பதிஞ்ச நம்பருக்கு வந்தாப் போதும்னு விட்டுட்டேன்.

— கூறுகெட்டவளே! காட்டுல நிக்கிறவ கைக்குப் போகணும்னு ஒரு வரி எழுதக் கை வலிச்சுச்சா?

— இப்ப எழுதிர்றேண்ணே. "காட்டில் நிற்பவருடைய போனுக்கு..."

— இப்ப எழுதி? யானை அதப் படிச்சுட்டுத் திரும்பிப் போயிருமா? எங்காத்தாகிட்ட போனே கிடையாது, போ.

— இருக்குண்ணே.

— என்னது?

— பட்டன் போனு. களையெடுத்த கூலியில வாங்கி மடியில வச்சிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?

— எங்கிட்ட மூச்சு விடலையே! நீ எங்க பாத்த?

— நம்பர் பதிய உங்க வீட்டுக்கு வந்தன்னைக்கி. மடியில இருந்து எடுத்துக் காட்டுச்சு. "யானை வந்தா இதுல சொல்லு தாயி"ன்னுச்சு.

— அப்பாடி! வெரசாச் சொல்லு, அந்த நம்பர் என்ன?

— ஒம்பது, நாலுன்னு ஆரம்பிச்சுச்சு. அதுக்குள்ள நீங்கதாண்ணே உள்ள இருந்து வந்து, "அதுக்கு என்ன தெரியும், என் நம்பர எழுது"ன்னீங்க.