நடந்தால் தீவனம் வீண்

“நடக்கறதுன்னா தின்ன தீவனத்தை வீணாக்கறதுங்கறேன்” என்றார் முன் சீட்டுக்காரர். அவரும் மனைவியும் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்கள். நாமக்கல்லில் டாக்டரைப் பார்த்துவிட்டு மல்லசமுத்திரம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மடியில் சர்க்கரை ரிப்போர்ட்.

“டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னாருங்க.”

“நம்ம கோழிய எதுக்கு அம்மிணி கூண்டுல வெச்சிருக்கறோம்? ஓடியாடுனா தின்னதெல்லாம் சூடாப் போயிரும். நின்ன எடத்துல நின்னாத்தான் முட்டையாகும்.”

“நீங்க உக்காந்த எடத்துல உக்காந்தா கொழுப்பாத்தானுங்க சேரும்.”

“சேரட்டுமே, அது சேமிப்பு. நாலு எட்டு வெச்சாலே எனக்கு ஒடம்பு சூடாகி வாயத் தொறந்துக்குது. வெயில்ல கோழி வாயத் தொறந்தா தண்ணி தெளிச்சு ஃபேன் போடறோம். வெளிய உட்டு நடக்கச் சொல்றமா?”

“கோழிக்கு வேர்க்காதுங்க, அதனால வாயத் தொறக்குது. உங்களுக்குத்தான் வேர்க்குதுல்ல?”

“வேர்க்கறதும் நட்டந்தான். குடிச்ச தண்ணி போயிருது.”

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, தீவனத்தைத் தின்னுபோட்டு முட்டை போடாத கோழிய நாம என்னங்க பண்ணுவோம்?”

“கறிக்கு…” என்று ஆரம்பித்தவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஊருக்கு இரண்டு ஸ்டாப் இருக்கும்போதே ரிப்போர்ட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். பஸ் கிளம்பியதும் திரும்பிப் பார்த்தேன். கையை வீசி வீசி நடந்து வந்துகொண்டிருந்தார், வாயை இறுக மூடிக்கொண்டு.